திருவழிபாட்டு ஆண்டும் நம் அக வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பங்குகளில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கும், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருள் நானும் ஒருவன். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்திலும், திருப்பலி முடிந்து கோயில் வாசலில் செருப்புத் தேடும் நேரத்திலும் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் கத்தோலிக்க வழக்கத்தை ஒட்டியவை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையாருக்குப் பெயர்களும் சில பழக்கங்களும் மாறும். காலங்கள் பெரும்பாலும் இவையே.

புத்தாண்டு ஜனவரியில்தானே பிறக்கிறது? திருச்சபைக்குத் தனியாக ஓர் ஆண்டு எதற்கு?

திருவழிபாட்டு ஆண்டு திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று தொடங்குகிறது. நவம்பர் 30-ஆம் நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறு அது. எனவே நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் விழும். நான்கு ஞாயிறுகள் காத்திருந்து கிறிஸ்து பிறப்புக்காலத்துக்குள் நுழைகிறோம். ஆண்டவரின் திருமுழுக்கு விழாவுக்குப் பின் பொதுக்காலத்தின் முதல் பகுதி வருகிறது. நெற்றியில் சாம்பல் பூசும் திருநீற்றுப் புதனன்று அது நின்று தவக்காலம் தொடங்குகிறது. புனித வாரம், உயிர்ப்பு, அதன் பின் 50 நாள் பாஸ்கா காலம் ஆகியவை முடிந்து தூய ஆவியார் பெருவிழாவுக்கு மறுநாள் பொதுக்காலம் மீண்டும் தொடர்கிறது. கிறிஸ்து அரசர் பெருவிழாவும் அதையடுத்த வாரமும் ஆண்டை முடித்துவைக்கின்றன.

குருவின் மேலுடையைப் பார்த்தாலே எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். காத்திருப்புக்கும் தவத்துக்கும் ஊதா, பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் வெள்ளை, பாடுகளுக்கும் தூய ஆவிக்கும் சிவப்பு, பொதுக்காலத்துக்குப் பச்சை.

ஈஸ்டர் ஏன் ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு தேதியில் வருகிறது?

எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறன்று உயிர்ப்பைக் கொண்டாட வேண்டும் என்று 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் முடிவு செய்தது. அதை ஒட்டி நிலைபெற்ற கணக்கின்படி, மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. 2024-இல் அது மார்ச் 31 அன்றும் 2025-இல் ஏப்ரல் 20 அன்றும் வந்தது. நம் ஊர்க் கணக்கில் அந்தப் பௌர்ணமி பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமியாகவே அமையும். அதனால்தான் குன்றக்குடிக்குப் பங்குனி உத்திரக் காவடி போகும் நாள்களும் நம்முடைய புனித வாரமும் பல ஆண்டுகளில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன.

உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22-க்கு முன்னால் வராது. அது மார்ச் 22-இல் வரும், லீப் அல்லாத ஆண்டில் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 4-இல் விழும். அதற்கு முந்திய தேதி கிடையாது. போர்ச்சுகீசிய இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த 1693, பிப்ரவரி 4 அத்தகைய ஒரு திருநீற்றுப் புதன். 1818-க்குப் பிறகு அந்த நாளில் திருநீறு பூசும் ஆண்டு வரவில்லை. இனி 2285-இல்தான் வரும். ஓரியூருக்கு நடந்து போகிறவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. காவி உடுத்தி, மரக்கறி உண்டு, இந்தச் சீமையில் நடந்தே திரிந்த அந்த மனிதருக்குத் தவக்காலத்தின் முதல் நாளே இறுதி நாளாகவும் அமைந்தது.

இதெல்லாம் குருக்களுக்கும் கன்னியர்களுக்கும் உரியது இல்லையா? எங்களுக்கு இதனால் என்ன பயன்?

என் விருப்பப்படி மட்டும் செபித்தால் நான் எப்போதும் ஒரே செபத்தைத்தான் சொல்வேன்: பிள்ளையின் வேலை, வீட்டுக் கடன், மூட்டு வலி. வேண்டுவதில் தவறில்லை. ஆனால் வேண்டுவதைத் தவிர வேறெதையும் அறியாத உறவு எந்த வீட்டிலும் நெடுநாள் தாங்காது. ஆண்டின் காலங்கள் நான் தேடிப் போகாத இடங்களுக்கு என் கையைப் பிடித்து அழைத்துச் செல்கின்றன. எனக்குப் பொறுமையில்லாத நேரத்தில் காத்திரு என்கின்றன. நான் என்னையே மெச்சிக்கொள்ளும் நேரத்தில் நீ மண் என்கின்றன. துயரத்திலேயே தங்கிவிட நினைக்கும்போது எழுந்து பாடு என்கின்றன.

இதற்கு என் நடைமுறை எளியது. ஒரு காலத்துக்கு ஒரே ஒரு செயல். அதைத் தொடங்கும் நாளில் ஒரு கணக்கு நோட்டில் ஒரு வரியில் எழுதிவிடுவேன். இரண்டாவது செயலைச் சேர்த்த ஆண்டுகளில் எல்லாம் இரண்டையுமே கைவிட்டிருக்கிறேன்.

டிசம்பர் முழுவதும் குடில், ஸ்டார், கேரல், பலகாரம் என்று ஓடிவிடுகிறது. திருவருகைக்காலத்தை எங்கே கடைப்பிடிப்பது?

இந்தக் கேள்விக்கு எனக்கு விடை சொன்னவர் எங்கள் தெருவில் இருந்த ஓர் ஆச்சி. நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகைக்கு மறுநாள் தொடங்கி 21 நாள் பிள்ளையார் நோன்பு இருப்பார்கள். புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை எடுத்து வைப்பார்கள். கடைசி நாளில் 21 இழைகளையும் திரியாக்கி, மாவில் வைத்துச் சுடர் ஏற்றி, சுடரோடு சேர்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். ஒரு மாலை அவர் வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அன்றைய இழையை உருவியதைப் பார்த்தேன். நூல் அறுந்துவிடாமல் இழுக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் அவர் வேறு எதையும் செய்யவில்லை. கூப்பிட்டவருக்குப் பதிலும் சொல்லவில்லை. அவர்களுடைய நோன்பும் நம்முடைய காலமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டின் நம்பிக்கையும் வேறு. நாளுக்கு ஒன்று என்னும் அளவை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 16 வரை திருவருகைக்கால வாசகங்கள் பெரும்பாலும் ஆண்டவரின் இரண்டாம் வருகையையும் திருமுழுக்கு யோவானையும் பற்றியவை. 17 முதல் 24 வரை பெத்லகேமை நோக்கித் திரும்புகின்றன. முழு மாதமும் முடியாதவர் இந்த எட்டு நாள்களையாவது எடுத்துக்கொள்ளலாம். காலையில் கைப்பேசியைத் தொடுமுன் அன்றைய நற்செய்தியை ஒருமுறை உரக்க வாசித்தால் போதும். முறுக்கு பிழிகிற கையோடும் அதைக் கேட்கலாம். வாசிக்க வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் சரி.

குடில் கட்டுவதைக் குறைக்கச் சொல்லி எவரிடமும் நான் சொன்னதில்லை. குழந்தை இயேசுவின் சுரூபத்தை மட்டும் 24-ஆம் தேதி இரவு வரை வைக்காமல் விடுங்கள். ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும் அந்த வைக்கோலைப் பார்த்து, “எப்ப வருவாங்க?” என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

பனி, குளிர், வசந்தம் என்று மேல்நாட்டுப் பருவத்துக்கு ஏற்ப அமைந்த ஆண்டு இது. நம் சீமைக்கு எப்படிப் பொருந்தும்?

பருவங்கள் இங்கே தலைகீழாக விழுகின்றன என்பது உண்மை. அங்கே பனி உருகித் துளிர் விடும்போது உயிர்ப்பு விழா வருகிறது. இங்கே அது பங்குனி, சித்திரை வெயிலில் வருகிறது. பாஸ்கா இரவின் நெருப்பைச் சுற்றி நிற்கும்போதே முதுகில் வியர்வை வழிகிறது. திருவருகைக்காலமோ வடகிழக்குப் பருவமழையில் ஊருணி நிரம்பும் காலம்.

நமக்கு இது குறையன்று என்றே நினைக்கிறேன். “வானங்களே, மேலிருந்து பொழியுங்கள்” என்ற எசாயாவின் வேண்டுதல் திருவருகைக்காலத்துக்கு உரியது. மழைக்காக வானத்தைப் பார்த்தே வாழும் சீமையில் அதற்கு மறையுரை தேவையில்லை. தவக்காலத்தில் ஊருணியின் படிகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியத் தொடங்கும்போது, சமாரியப் பெண் கிணற்றடியில் தண்ணீர் கேட்ட பகுதியை வாசித்துப் பாருங்கள். மேல்நாட்டுப் படங்களில் உள்ள பனிமூடிய மாட்டுக்கொட்டிலைப் பஞ்சு ஒட்டி நாம் செய்துகொண்டிருப்பது ஏனென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஒருசந்தி, சுத்தபோசனம் என்கிறார்கள். சரியான விதி என்ன? நாற்பது நாள் கணக்கும் சரியாக வரவில்லையே?

ஒருசந்தி என்பது ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்பது. மற்ற இரு வேளைகளில் சிறிதளவு எடுத்துக்கொள்ளலாம். திருநீற்றுப் புதன், புனித வெள்ளி ஆகிய இரு நாள்களில் 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளவர்களுக்கு அது கடமை. சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்குவது. 14 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. நோயாளிகள், கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், கடும் உடலுழைப்புச் செய்பவர்கள் ஆகியோரைத் திருச்சபை வற்புறுத்துவதில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடப்பது தவமாகாது.

திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்ப்பின் நாள் என்பதால் ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிட்டு 40 என்கிறோம்.

கறிதானே கூடாது? வெள்ளிக்கிழமை நண்டும் இறாலும் சாப்பிடலாம்தானே?

சாப்பிடலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் மிளகும் சோம்பும் வறுத்து அரைத்து, தொண்டியிலிருந்து வந்த நண்டைத் தேடி வாங்கி, ஆட்டுக்கறி விலையைத் தாண்டிச் செலவழித்து ஒறுத்தல் செய்கிற திறமை நம் சமையற்கட்டுகளுக்கு மட்டுமே உரியது. எசாயா 58-ஆம் அதிகாரத்தை அந்தக் குழம்பு கொதிக்கும் நேரத்தில் வாசிக்கலாம்: ஆண்டவர் விரும்பும் நோன்பு பசித்தவரோடு உணவைப் பகிர்வது என்று அங்கே எழுதியிருக்கிறது. கறி வாங்காததால் மிச்சமான பணம் யார் கைக்குப் போயிற்று என்பதே அந்த வெள்ளிக்கிழமையின் கேள்வி.

என் கணவர் தவக்காலம் முழுக்கக் குடிக்க மாட்டார். ஈஸ்டர் மதியமே தொடங்கிவிடுகிறார். இந்த நோன்பால் என்ன பயன்?

இதைக் கேட்காத தவக்காலமே எனக்கு இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் தாழ்ந்த குரலில், மற்றவர்கள் போன பிறகு கேட்கிறார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த 40 நாள் பொய்யன்று. அவருடைய பிள்ளைகள் அப்பா வீட்டில் இருக்கும் மாலை எப்படி இருக்கும் என்பதை அந்த நாள்களில் கண்டார்கள். அவரும் கண்டார்.

பிழை எங்கே என்றால், தவக்காலத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இருக்கிற போட்டியாக நாம் ஆக்கிவிட்டோம். கரையேறியதும் மூச்சை விட்டுவிடுகிறோம். திருச்சபையின் கணக்கு அப்படியில்லை. 40 நாள் விட்டதற்குப் பின் 50 நாள் வைத்திருக்கிறது. எனவே தவக்காலம் தொடங்கும்போதே, “உயிர்ப்புக்குப் பிறகு இந்த மாலை நேரத்தில் நான் என்ன செய்வேன்?” என்று ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். ஒருவர் தன் மகனோடு மாலையில் பந்து விளையாடுவேன் என்று எழுதினார். அவர் முழுவதும் விட்டுவிடவில்லை. ஆனால் மே மாதம் வரை தாக்குப்பிடித்தார், அடுத்த ஆண்டு தானாகவே வந்து உதவி கேட்டார்.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திருநீறு பூசிய சூட்டில் திடீரென நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். அது பாவமன்று, நோய். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் செபத்தின் ஒரு பகுதிதான். “சாமி கும்பிட்டா போதும்” என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம்.

அப்படியானால் ஈஸ்டருக்குப் பிறகு 50 நாள் என்னதான் செய்வது? கோயிலிலும் கூட்டம் குறைந்துவிடுகிறதே?

துயரத்துக்குச் சிலுவைப்பாதை இருக்கிறது, 14 நிலைகள் இருக்கின்றன. மகிழ்ச்சியைக் கடைப்பிடிக்க நமக்கு யாரும் பழக்கவில்லை. கோடை விடுமுறையும் சேர்ந்துகொள்கிறது. உயிர்ப்புப் பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்: கல்லறைத் தோட்டத்தில் மரியா, எம்மாவு வழியில் இருவர், ஐயப்பட்ட தோமா, கரையில் மீன் சுட்டுவைத்துக் காத்திருந்த ஆண்டவர். எங்கள் வீட்டில் இந்த நாள்களில் வாரத்துக்கு ஒருவரைச் சாப்பிட அழைப்போம். உறவினர் கணக்கில் சேராத ஒருவராக அவர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பொதுக்காலத்தில் ஒன்றுமே நடப்பதில்லையே? வெறும் பச்சைதானே?

ஆண்டில் 33 அல்லது 34 வாரம் பொதுக்காலம்தான். ஒருவர் வளர்ந்தால் அங்கேதான் வளர்ந்திருக்க வேண்டும். நாற்று நட்ட நாளிலும் அறுவடை நாளிலும் பயிர் வளர்வதில்லை.

ஞாயிறு நற்செய்திகள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் இடம்பெறுகிறார். 2025 நவம்பர் 30 அன்று மத்தேயுவின் ஆண்டு தொடங்கியது. அந்தந்த ஆண்டுக்குரிய ஒரே நற்செய்தியைப் பொதுக்காலத்தில் மெதுவாக, தொடர்ந்து வாசிக்கலாம். மாற்கு 16 அதிகாரமே. ஜூன் மாதம் திரு இருதயத்துக்கு உரியது என்பதால், அந்தப் பெயரில் திருத்தலம் உள்ள இடைக்காட்டூருக்குப் போய்வருபவர்கள், பேருந்தில் அதை வாசித்துக்கொண்டு போகலாமே.

வீட்டில் சாவு விழுந்து ஆண்டு திரும்பவில்லை. கிறிஸ்மஸ் கொண்டாடலாமா?

நம் ஊரில் அந்த ஆண்டு பலகாரம் சுடுவதில்லை, புத்தாடை எடுப்பதில்லை. திருச்சபை அதைத் தடுக்கவுமில்லை, கேட்கவுமில்லை. திருப்பலிக்கு வராமலிருப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. “நாங்க தீட்டு, இந்த வருஷம் கோயிலுக்கு வரல” என்று ஒரு மகன் சொன்னபோது நான் அவரோடு நெடுநேரம் பேசினேன். நமக்குச் சாவுத் தீட்டு கிடையாது. பிறப்பு விழாவின் முதல் வாசகமே இருளில் நடந்த மக்களைப் பற்றியது. துக்க வீட்டாருக்கு உரிய இடம் அந்த இரவில் முன்வரிசை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளிலிருந்து தொடங்குங்கள். கல்லறையைக் கூட்டி, மெழுகுதிரி ஏற்றி, அங்கேயே திருவருகைக்கால முதல் ஞாயிறுக்கு ஒரு செபம் சொல்லிவிட்டு வாருங்கள். விழாவன்று இலையில் இனிப்பு வேண்டாம் என்றால் வேண்டாம். அழுகை வந்தால் பாட்டின் நடுவிலும் அழலாம்.

வீட்டில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். மாமியாரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. “ஆட்கள் பார்க்க வேண்டுமென்று நோன்பிருக்காதீர்கள், தலையில் எண்ணெய் தடவி முகத்தைக் கழுவுங்கள்” என்னும் பொருளில் மத்தேயு 6-ஆம் அதிகாரம் பேசுவது உங்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. மேலே சொன்ன ஒரு வரி நோட்டை எவரும் பார்க்க வேண்டியதில்லை. விரதத்தின் அருமை தெரிந்த மாமியார் என்றால், ஒருவேளை மற்ற எல்லாரையும்விட அவரே உங்களைப் புரிந்துகொள்வார்.

நாளும் மாதமும் காலமும் பார்ப்பது விவிலியத்துக்கு எதிரானது என்று வேறு சபை நண்பர் சொல்கிறாரே?

அவர் சுட்டுவது கலாத்தியர் 4:10-ஆகவும் கொலோசையர் 2:16-ஆகவும் இருக்கும். அவர் வாசிப்பது சரியான பகுதியைத்தான். நாளைக் கடைப்பிடித்தால்தான் மீட்பு என்று எண்ணிய இடத்தில் பவுல் கண்டித்தார். அதே பவுல் உரோமையர் 14:5-6-இல், ஒரு நாளைச் சிறப்பாகக் கருதுபவர் ஆண்டவருக்காகவே அப்படிச் செய்கிறார் என்று எழுதி, இரு தரப்பாரும் ஒருவரையொருவர் தீர்ப்பிட வேண்டாம் என்கிறார். நெற்றியில் சாம்பல் இல்லாமலே லெந்து காலம் என்று அவர்கள் சொல்லும் தவக்காலத்தை ஆழமாகக் கடைப்பிடிக்கும் சி.எஸ்.ஐ. குடும்பங்களை எனக்குத் தெரியும். சாம்பலைப் பூசிக்கொண்டு அன்று மாலையே வேலைக்காரப் பெண்ணின் கூலியைப் பிடித்தவரையும் தெரியும். நண்பரின் எச்சரிக்கை இரண்டாமவருக்குத் தேவைப்படுகிறது.

ஆண்டுதோறும் அதே ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), அதே பாவம், அதே வாக்குறுதி. நான் வளர்ந்தேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கனி கொடாத அத்திமரத்தை வெட்டச் சொன்ன உரிமையாளரிடம், “இந்த ஆண்டும் விட்டுவையும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன்” என்று தோட்டக்காரர் கேட்ட உவமை லூக்கா 13-இல் உள்ளது. மூன்று ஆண்டுச் சுற்றில் லூக்காவின் முறை வரும்போது அதைத் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று கேட்கிறோம். ஆண்டு திரும்பி வருவதே அந்தத் தோட்டக்காரர் வாங்கித் தந்த தவணை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையைத் திரு இருதயப் படத்தின் பின்னால் செருகி வைத்திருப்போம். பழைய ஓலைகளை எரித்துச் செய்யும் திருநீற்றுக்காக அதைக் கோயிலுக்குத் திருப்பித் தர எடுக்கும்போது காய்ந்து கையிலேயே நொறுங்கும். அந்த நாளில்தான் நான் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டுவேன். என் பக்கங்களில் “கோபம்” என்ற சொல் ஆறு தவக்காலங்களில் தொடர்ந்து வந்திருக்கிறது. பாவம் மாறவில்லை. ஆனால் அதன் அருகில் வேறொன்றையும் குறித்து வந்திருக்கிறேன்: சண்டைக்குப் பிறகு என் தம்பியிடம் நானாகப் போய்ப் பேச எத்தனை நாள் ஆயிற்று என்று. முதல் ஆண்டில் ஐந்து மாதம். அடுத்த ஆண்டு ஏழு வாரம். நான்காம் ஆண்டில் மீண்டும் மூன்று மாதம். அந்த ஆண்டு வீட்டுப் பாகப்பிரிவினை நடந்தது. போன தவக்காலத்துக்கு முன் நடந்த சண்டைக்குப் பதினொரு நாள்.